செங்கரட்டு ஏரிக் கணக்கு முடியுமுன் விடைபெறும் முனைவர் பூவாத்தாள் அம்மையாருக்கு

சேற்றில் எழும் சிறு குமிழிக்கும் சேதி உண்டென்று செவிசாய்த்தவரே! எங்கள் ஈரநில ஆய்வுக்கூடத்தின் இணையில்லா முதல்வரே! பூவாத்தாள் அம்மையே! வணக்கம்.

வாழ்த்துவதற்காக எழுதத் தொடங்கினோம். வருத்தம் முந்திக்கொண்டு வருகிறது, பொறுத்தருள்க.

நீருக்கடியில் செடி மக்கினால் மீத்தேன் எழும். அதன் கரிமத்தில் எடை குறைந்ததும் உண்டு, சற்றே எடை கூடியதும் உண்டு. இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் எது மக்கி வந்த வாயு என்று அறியலாம். சேலம், நாமக்கல் சமவெளியின் ஒவ்வோர் ஏரிக்கும் அந்த விகிதத்தை முன்கூட்டியே சொல்லும் கணினி மாதிரியைக் கட்டுவதிலேயே உங்கள் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. வெயில் பாராமல், முழங்கால் சேற்றில் நின்று, பெட்டி கவிழ்த்து வாயு பிடித்தவர் நீங்கள்.

மற்ற எல்லா ஏரிகளும் மாதிரியோடு ஒத்துவந்தன. ராசிபுரத்தை அடுத்த செங்கரட்டு ஏரி மட்டும் முரண்டு பிடித்தது. அதன் வாயுவில் எடை கூடிய கரிமம் மிகுந்திருந்தது. கட்டுரை அச்சுக்குப் போகவிருந்த நேரம். "ஒரு ஏரிதானுங்க மேடம், உட்டுப்போடலாங்க" என்றார் நம் ஆய்வுக்கூடத்துச் சண்முகவேல். "நாம உடலாம் சாமி. அந்த ஏரி நம்மள உட்டுருமா?" என்று கேட்டுவிட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றீர்கள்.

கோடையில் மறுபடி போனோம். நீர் வற்றிய ஏரிக்குள் ஆளுயரச் சோளம். அங்கே சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்த குப்பாயி அக்கா, "ஏனுங்க டாக்டரம்மா, அன்னிக்குத் தண்ணிமேல பொட்டியக் கவுத்தீங்க, இன்னைக்குச் சோளத்துமேல கவுக்கப் போறீங்களா?" என்று சிரித்தார். "கவுக்கறதுக்கு முந்தியே உங்களக் கேட்டிருக்கோணுங்க" என்றீர்கள். சோளத்தில் எடை கூடிய கரிமம் அதிகம். அதன் அடிக்கட்டை மழைநீரில் மூழ்கி மக்கியதே அந்த முரண்டுக்குக் காரணம். நம் மாதிரியில் இருந்ததோ கோரை, சம்பு என்னும் நீர்ச்செடிகள் மட்டுமே. வற்றிய ஏரியில் சோளம் விதைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். பேருந்துச் சன்னலில் ஆண்டுதோறும் அதைப் பார்த்தவர்கள்தாம் நாம் அனைவரும்!

மாதிரியை அடியிலிருந்து திருத்தினீர்கள். அது சரியா என்று சோதிக்க ஏரி நிறைய வேண்டும், மழை ஏய்த்தது. இந்த ஐப்பசியில்தான் நிறைந்தது. கட்டைகள் மக்கி வாயு எழ இன்னும் சில வாரங்களாகும். உங்கள் ஓய்வு நாளோ வந்துவிட்டது. உங்களுக்குப் பணி நீட்டிப்பு வேண்டி நாங்கள் விடுத்த கோரிக்கை ஏற்கப்படவில்லை.

அளந்தறியும் முன் ஆசையை வைக்காத அறத்தவரே! உடல்நலமும் உளநிறைவும் ஓங்க நெடுங்காலம் வாழ்க! அடுத்த மாதம் நாங்கள் போய் அளப்போம். உங்கள் கணக்கோடு ஒத்துவந்தால் உங்கள் வீட்டுக்கு ஓடிவருவோம். ஒத்துவராவிட்டாலும் வருவோம், ஒரு தரவுப் புள்ளியையும் விட்டுவிடாமல் கொண்டுவருவோம்.

நீங்கா நன்றியுடன்,
ஈரநில ஆய்வுக்கூடப் பணியாளர்கள்,
சேலம்.