சுண்டெலிக்குக் கை எட்டாது

அழிங்க சார் அதை! 'மாணவன் அபாய மணியை அழுத்தினான்'னு எழுதியிருக்கீங்களே, அந்த வரிய முதல்ல அழிங்க. பேனாவுல எழுதிட்டீங்களா? அடிச்சிட்டு மேல எழுதுங்க. அப்படி என்ன அவசரம்? இங்க என்ன தீயா பத்திக்கிச்சு?... சரி சரி, தீயணைப்பு நிலையத்துல உக்காந்துக்கிட்டு நான் அப்படிக் கேக்கக் கூடாதுதான்.

அவனுக்கு வயசு அஞ்சு சார். அஞ்சு! கிளாஸ்ல சுண்டெலின்னுதான் கூப்பிடுவோம், ஆளு அந்த அளவுதான். என்னது? அவனே ஒத்துக்கிட்டானா? நல்லா ஒத்துக்கிட்டான்! வண்டி கிளம்பிப் போனதும் 'எவன்டா அடிச்சது'ன்னு உங்க ஆளு கத்தினாரு. பிள்ளைங்க எல்லாம் குதிச்சுக் குதிச்சுக் கை தட்டுதுங்க. இவன் அதப் பாத்தான், 'நான்தான்'னான். போன வாரம் மழை பெஞ்சப்பவும் இதே பயதான் 'நான்தான் வரவெச்சேன்'னான். அதையும் எழுதிக்குவீங்களா ரிப்போர்ட்ல?

இந்தத் தாள் பள்ளிக்கூடத்துக்குப் போச்சுன்னா என்ன ஆகும்னு தெரியுமா? எங்க தலைமை டீச்சர் ஒண்ணு நெனச்சுட்டா நெனச்சதுதான். இனிமே எந்த டூருக்கும் அவன் கிடையாது. மத்ததெல்லாம் பஸ் ஏறும், இவன் மட்டும் ஜன்னல்ல மூக்க ஒட்டிக்கிட்டு நிக்கணும். நான் காலேஜ்லேருந்து டீச்சர் பயிற்சிக்கு வந்தவ, ரெண்டு மாசத்துல போயிடுவேன். அவன் பாவம், அங்கதானே கிடக்கணும்?

பாக்கப்போனா தப்பு உங்க மேலதான் சார். ஆமா! ஸ்டேஷனச் சுத்திக் காட்டறப்போ உங்க மீசைக்காரர் பிள்ளைங்க முன்னாடி மார் தட்டினாரா இல்லையா? 'மணி அடிச்சா ஒரே நிமிஷத்துல வண்டி வாசலத் தாண்டிரும்'னாரு. நான் சுத்திப் பாக்கறேன். ஒருத்தர் பாதி முகத்துல சோப்போட நிக்கறாரு. ஒருத்தர் பெஞ்சுல குறட்டை. இன்னொருத்தர் பூட்ஸக் கழட்டிப் போட்டுட்டு கால் விரல் இடுக்கச் சொறிஞ்சுக்கிட்டிருக்காரு. ஒரு நிமிஷமாம்! எங்க புரொபசர் ஆதாரம் இல்லாமப் பேசினாலே எந்திரிச்சுக் கேள்வி கேக்கற ஆளு நான். அதுல சுண்டெலி வேற என் கையப் புடிச்சு இழுத்து, 'நெஜமாவா டீச்சர்?'ங்கறான். பிள்ளை கேட்டா பதில் சொல்லணுமா இல்லையா?... இல்ல, பொதுவா கேட்டேன்.

சாப்பாட்டு டப்பாவா? ஆமா, பதினெட்டையும் வண்டியோட பின்படியில அடுக்கினது நான்தான். நிழலா இருந்துச்சு. நிக்கிற வண்டி நின்னுக்கிட்டுத்தான் இருக்கும்னு நெனச்சேன். அது பாட்டுக்குக் கிளம்பி, தெரு பூரா சோத்த எறைச்சு, எங்க போறதுன்னு தெரியாம நடு ரோட்ட மறிச்சுக்கிட்டு நின்னா அதுக்கு நானா பொறுப்பு?

விஷயத்துக்கு வாங்க. அந்தப் பொத்தான் எங்க இருக்கு? என் தலை உயரத்துல. சுண்டெலி எக்கிக் குதிச்சாலும் எட்டாது. அதுக்கு மேல ஒரு மூடி. சும்மா மூடி இல்ல சார், ஸ்பிரிங் வெச்ச மூடி! ஒரு கையால தூக்கிப் புடிச்சுக்கிட்டே இன்னொரு கையால அழுத்தணும். கொஞ்சம் அசந்தா படார்னு விரல் மேலயே விழுது. இதோ பாருங்க, கட்டை விரல் எப்படிக் கன்னிப் போச்சு... கதவுல சார். பஸ் கதவுல.

ஆனா ஒண்ணு, உங்க ஆளுங்களக் கொறை சொல்ல மாட்டேன். அசந்துட்டேன்! மணி அடிச்சதுலேருந்து வண்டி வாசலத் தாண்டற வரைக்கும் சரியா அம்பத்திரெண்டு செகண்டு. சோப்பு மூஞ்சியோடயே தொத்திக்கிட்டாரு மனுஷன். நம்பலையா? போன்ல ஸ்டாப்வாட்ச் ஓட விட்டுப் பாத்தேனே, இதோ...

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க?

இல்ல... மணி அடிக்கப் போகுதுன்னு எனக்கு முன்னாடியே எப்படி... அது வந்து...

சிரிக்காதீங்க சார்! சரி, குடுங்க அந்தப் பேனாவ. நானே எழுதறேன். 'அழுத்தியது பயிற்சிக்கு வந்த கல்லூரி மாணவி.' கையெழுத்தும் போட்டாச்சு. போதுமா? காலேஜ்ல பயிற்சிச் சான்றிதழ் குடுக்க மாட்டேன்னா குடுக்காமப் போகட்டும். அப்படி லேசுல விட்டுரவும் மாட்டேன், அங்க போயி வாதாடுவேன், அது வேற கதை.

ஒண்ணே ஒண்ணு சார், கெஞ்சிக் கேக்கறேன். தாள்ல எழுதினது தாளோட இருக்கட்டும். சுண்டெலிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஜன்னல் வழியா எட்டிப் பாருங்களேன். பதினேழு பேரும் அவனச் சுத்தி நின்னு, 'எந்த விரல்டா, எந்த விரல்டா'ன்னு கேக்கறாங்க. திருட்டுப் பய, ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒவ்வொரு விரலக் காட்டறான்.