கேள்விக் குறைவு

டிவியில் சத்தம் வரவில்லை என்று வருகிற புகார்களில் முக்கால்வாசி புகாரே இல்லை, சுஜா மேடம். ரிமோட்டின் மேல் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், மியூட் ஆகியிருக்கும். சாலைக் கடைத்தெருவில் எங்கள் சர்வீஸ் கடையில் போனை எடுத்துப் பதில் சொல்வது நான்தான். கேட்பவரை மட்டம் தட்டாமல், "ஒரு தடவை அந்த ரிமோட்டை எடுத்துப் பாருங்களேன்" என்று சொல்லத் தெரிய வேண்டும். எனக்கு அது நன்றாக வரும்.

உங்களுக்கும் பாறசாலைப் பக்கம்தான் சொந்த ஊர் என்றார்கள். அதனால் தமிழிலேயே சொல்கிறேன். நேற்று இந்த ஸ்டேஷனில் நீங்கள் எழுதிய அறிக்கையை என்னிடம் வாசித்துக் காட்டினீர்கள். அதில் ஒரு வார்த்தை தப்பு. "மரிச்ச ஸ்த்ரீக்கு கேள்விக்குறவு உண்டாயிருந்நு" என்று எழுதியிருக்கிறீர்கள், அதாவது செத்தவளுக்குக் காது மந்தமாம். என் மனைவி ரத்னாபாய்க்குக் காது நன்றாகக் கேட்கும். குறை இல்லாத இடத்தில் குறை என்று எழுதிவைத்தால் என்னைப் போன்ற தொழில்காரனுக்கு இருப்புக்கொள்ளாது. அதைத் திருத்தத்தான் வந்தேன். மற்றதெல்லாம் அதோடு சேர்ந்து வருவதால் சொல்கிறேன்.

ரத்னா நல்ல மனுஷி. சபையில் பாட்டுக் குழுவில் ஆல்டோ, பெண்களில் கீழ்க்குரல், பாடுவாள். கிறிஸ்துமஸுக்குத் தனிப்பாட்டு எப்போதும் அவளுக்குத்தான். ராஜையன் மாஸ்டர் ஆர்மோனியத்தில் கை வைப்பதற்கு முன்பே சுருதி சொல்லிவிடுவாள் என்று பெயர். நான் அவளை ஒரு நாளும் தடுத்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்து அவள் வரும்வரை அவள் மூடிவைத்த சோற்றை நானே போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன்.

அவளிடம் ஒரு பழக்கம் மட்டும் உண்டு. கேள்வி கேட்பாள். பகல் முழுவதும் ஊரார் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறவன் நான். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பாள். "இன்னிக்கு யாரு வந்தா? ஏன் மொகம் வாடிக் கெடக்கு? உச்சைக்குச் சாப்பிட்டீங்களா இல்லியா?" எல்லாம் அன்பாகத்தான். அன்பாகக் கேட்பதனால் கோபப்படவும் முடியாது. அது இன்னும் கஷ்டம்.

முதல் தடவை நடந்தது தற்செயல். டிவிக்கு ஒரு சத்தம், கேபிள் பாக்ஸுக்கு ஒரு சத்தம், இரண்டும் தனித்தனி. பாக்ஸில் குறைத்துவிட்டால் டிவியில் எவ்வளவு கூட்டினாலும் முனகல்தான் வரும். ஆனால் திரையில் எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அன்றைக்கு என் கை பட்டு பாக்ஸ் குறைந்திருந்தது. ரத்னா சமையல் வேலையை முடித்துவிட்டு வந்து கூட்டிப் பார்த்தாள், கேட்கவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்து, "அவன் என்ன சொன்னான்? எனக்கு ஒண்ணும் கேக்கல்லியே" என்றாள். நான் சொன்னேன். தலையை ஆட்டினாள். அந்த மாலை முழுவதும் என்னைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. டிவிக்காரன் என்ன சொன்னான் என்பது மட்டும்தான் கேட்டாள், அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. கல்யாணம் ஆன புதிதில்கூட அவள் என் பக்கத்தில் அப்படி ஒட்டி உட்கார்ந்ததில்லை.

பாக்ஸ் ரிமோட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன். செய்தது அவ்வளவுதான்.

பிறகு ஒன்றிரண்டு சில்லறை வேலைகள். அவளுடைய போனுக்குப் புதிய ஸ்க்ரீன் கார்டு ஒட்டிக் கொடுத்தேன். காதில் வைக்கிற இடத்தில் ஒரு சின்னப் பிளவு இருக்குமே, அதை மூடும்படி ஒரு நூல் மேலே ஏற்றி ஒட்டினால் போதும். கடைக்கு வருகிறவர்களின் போனில் இதைத்தான் முதலில் பார்ப்போம். காலிங் பெல்லைத் திறந்து உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்தேன். என் பேச்சையும் குறைத்துக்கொண்டே வந்தேன். திடீரென்று குறைத்தால் தெரிந்துவிடும், அதனால் வாரத்துக்கு வாரம் ஒரு இழை. சில நாள் அவள் அடுக்களையில் இருக்கும்போது போய் நின்று, "மூணு தடவை விளிச்சேனே, கேக்கல்லியா?" என்பேன். விளித்திருக்க மாட்டேன். பாதி தேய்த்த பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கிட்டே போய்த் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

சபையில் மட்டும் எல்லாம் நன்றாகக் கேட்கிறதே என்று அவள் குழம்பினாள். அங்கே பெரிய ஸ்பீக்கர், போதாததற்கு நீ ஆட்களின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்கிறாய் என்றேன். அன்றிலிருந்து அவள் உதட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அவளுக்கே எது காதால் கேட்டது, எது கண்ணால் கேட்டது என்று தெரியவில்லை.

அவள் இயர்போன் போட்டு ஆல்டோ பகுதியைப் படிப்பாள். போன் செட்டிங்கில் இடது, வலது என்று ஒரு கோடு உண்டு, சத்தத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிடலாம். தள்ளிவைத்தேன். இடது காது போய்விட்டது என்று பயந்துபோய் என்னிடம் வந்தாள். நான் எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்கிறதையே அவளுக்கும் சொன்னேன். இயர்போனைக் காது மாற்றி வை. குறை இயர்போனோடு போனால் இயர்போன் கேடு. குறை காதோடு நின்றால் காது கேடு. இதைவிட நேர்மையான சோதனை கிடையாது. போன் என் கையில் இருந்தது. அவள் மாற்றி வைத்துக்கொண்டிருந்தபோது நான் அந்தக் கோட்டை மறுபக்கம் தள்ளினேன். குறை காதோடேயே நின்றது.

"அப்ப எனக்குத்தான்" என்றாள். இயர்போனைக் கழற்றி என்னிடம் தந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே ராஜையன் மாஸ்டரிடம் போய், இனிமேல் சுருதி விலகும், என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். தனிப்பாட்டைக் குழுவில் பாடுகிற சிஜிக்குக் கொடுத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து தேங்காய் துருவினாள். துருவி முடித்த பிறகும் வெறும் சிரட்டையைத் துருவிக்கொண்டிருந்தாள். நான் போய்க் கையைப் பிடித்து நிறுத்தினேன். அழட்டும் என்று விட்டேன். அழுதால் நல்லது என்று நினைத்தேன்.

கொச்சியிலிருந்து எங்கள் மகள் ஷாலு போனில் சண்டை பிடித்தாள். "அப்பா, அம்மையை ஒரு நல்ல காது டாக்டருகிட்ட கொண்டு காணிங்க. இல்லேன்னா நான் லீவு போட்டு வாறேன்." அவள் வரத் தேவையில்லாதபடி நான் வீட்டிலேயே சோதனை செய்தேன். போனில் அதற்கென்று ஆப் இருக்கிறது. கீச்சென்று ஒரு சத்தம் வரும், கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். ரத்னா கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள், பரீட்சைக்கு உட்காரும் பிள்ளை மாதிரி. நான் சில சத்தங்களை அனுப்பினேன், சிலவற்றை அனுப்பவில்லை. ஒன்றும் வராத நேரத்தில் ஒரு தடவை அவளுடைய விரல் சந்தேகத்தோடு பாதி எழுந்தது. நான் தலையை அசைத்தேன். கண் மூடியிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், விரலை மடக்கிக்கொண்டாள். ஷாலுவிடம், ஆஸ்பத்திரியில் காட்டியாயிற்று, கேள்விக்குறவு என்றார்கள் என்றேன். மலையாளத்தில் சொன்னால் டாக்டர் சொன்னது போலவே இருக்கிறது.

பிறகு காதுக் கருவி வாங்கினேன், நல்ல விலையுள்ளதுதான். ரப்பர் முனை காதுத் துளையை முழுசாக அடைத்துக்கொள்ளும். சத்தம் கூட்டுவதும் குறைப்பதும் என் போனில். குறைத்து வைத்தால் அது கருவியல்ல, தக்கை. இப்போது அவளுக்கு நிஜமாகவே கேட்கவில்லை. அதுவரை நான் சொன்னதெல்லாம் பொய் என்று வைத்துக்கொண்டாலும், அன்றிலிருந்து அது பொய் இல்லை. ரோட்டுக்கு இறங்கினால் இதைக் காதில் வைக்காமல் போகக் கூடாது, வண்டி வாகனம் வருகிற இடம் என்று சொல்லிவைத்தேன். நான் சொன்னதைத் தட்டியதே இல்லை அவள்.

வீடு அமைதியாக இருந்தது. அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். கேட்டால் பதில் காதில் விழாதே, என்னத்துக்குச் சிரமம் என்று நினைத்திருப்பாள். நீங்கள் எழுதியிருக்கிற அந்த வார்த்தையைத் தமிழில் வாசித்தால் சரியாகத்தான் இருக்கிறது, மேடம். அவளுக்குக் கேள்வி குறைந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை கேபிள்காரன் ஷிஜு எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறான். பட்டியலில் சேனல் ஏதோ மாறுகிறது என்று வீடு வீடாகப் பார்க்க வந்தவன். அவனிடம் அவனுடைய ரிமோட் இருந்தது. எனக்குப் போன் செய்து, "சேட்டா, பாக்ஸில சவுண்டு ஆரோ தீரெ குறச்சு வெச்சிருந்நு, ஞான் கூட்டியிட்டுண்டு" என்றான். பாக்ஸ் சத்தத்தை அவன் கூட்டிவிட்டானாம், நல்லது என்றேன். அடுத்த நிமிஷம் ரத்னாவின் அழைப்பு. கருவியைச் சார்ஜில் போட்டிருந்தாளாம். வெறும் காதோடு உட்கார்ந்திருந்தவளுக்குத் திடீரென்று டிவி முழுசாகக் கேட்டிருக்கிறது.

"எனக்குக் காது திரும்பி வந்திட்டு, கேட்டீங்களா! கர்த்தர் தந்தாரு. நான் இப்பவே கடைக்கு வாறேன். அப்படியே மாஸ்டரையும் பாத்துச் சொல்லணும்."

வர வேண்டாம் என்றேன். என் குரல் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. ஸ்க்ரீன் கார்டு நான் ஒட்டியது.

கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி நடந்து வந்தாள். நான் கடைப்படியில் நின்றிருந்தேன். எதிர்ப்பக்கம் வந்து நின்றாள், என்னைப் பார்த்ததும் சிரித்தாள். கருவியைக் காதில் வைத்திருந்தாள், ரோடு என்பதனால். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை. ஆனால் சந்தோஷம் அடங்கியதும் கேள்வி வரும். ஷிஜு என்ன செய்தான், அதுவரை ஏன் கேட்கவில்லை, ரிமோட் எங்கே. கடைக்காரர்கள் எல்லோரும் நிற்கிற இடத்தில் வரும். அந்தத் தெரு அகலத்துக்கு ப்ளூடூத் எட்டும். போனை எடுத்து ஒலியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனேன். பக்கத்தில் வந்த பிறகும் நான் பேசுவது கேட்காமல் போனால், காது திரும்பி வரவில்லை என்று அவளே சமாதானம் ஆகிவிடுவாள். என் எண்ணம் அவ்வளவுதான். அரிசி லாரி பின்னால் எடுத்தது அதற்கு அப்புறம்.

இல்லை. கோளாறு பார்க்கிறபோது வரிசை முக்கியம். எது முதலில், எது பிறகு என்று தப்பாகச் சொன்னால் மொத்தமும் தப்பாகும். லாரி முதலில் பின்னால் எடுக்க ஆரம்பித்தது. கிளீனர் பலகையைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தான். ரத்னா தெருவில் இறங்கினாள். அதற்குப் பிறகுதான் நான் போனைத் தொட்டேன்.

பக்கத்துக் கடைக்காரர்கள், சற்குணம் அண்ணன் வாயசைத்ததைப் பார்த்தோம், சத்தம் வரவில்லை, அதிர்ச்சியில் தொண்டை அடைத்திருக்கும் என்று என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பாவம், நல்ல மனசு. தொண்டை அடைக்கவில்லை. நான் கூப்பிட்டேன். வீட்டில் கூப்பிடுகிற அதே அளவில் கூப்பிட்டேன். அவள் என் உதட்டைப் பார்த்து, நான் ஏதோ நல்லது சொல்கிறேன் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே நடுத்தெருவில் நின்றாள்.

அறிக்கையில் அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். அவளுடைய காதில் ஒரு குறையும் இல்லை.

நாளைக்கு அடக்கம். ராஜையன் மாஸ்டர் பாட்டுக் குழுவோடு வருகிறார், சிஜி தனிப்பாட்டுப் பாடுவாள். கருவியை ரத்னாவின் காதிலேயே வைக்கச் சொல்லி ஷாலுவிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வாங்கி வைத்திருக்கிற என் போனை ஒரு மணி நேரம் தந்தால் போதும், சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்துவிடுவேன். அவளுக்குக் கேட்க வேண்டும் என்பதைத் தவிர நான் வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை.