கூப்பிடுமேடு

எவடி அவ சிரிக்கிறது? புதுப்பொண்ணா? சிரிம்மா, நல்லாச் சிரி. புருசன் பேரக் கத்திச் சொல்ல வெக்கமாத்தான் இருக்கும். எதுக்குக் கத்துறோம்னு கேட்டுட்டு அப்புறம் சிரி.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடியாம். சவ்வாது மலைக்கு வடக்கால, இதே நம்ம புங்கம்பள்ளம் ஊருதான். அப்ப எல்லாம் கூரை வீடு. சுத்திலும் மூங்கில் காடு. செல்லின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருசன் பேரு தீர்த்தன். அந்தப் பேர அவ ஒருநாளும் வாயால சொன்னதில்லையாம். சொன்னா புருசனுக்கு ஆயுசு கொறையும்னு அப்ப அப்பிடி ஒரு பயம்.

அந்த வருசம் மழையும் இல்ல. மூங்கிலும் பூத்துப் போச்சாம். மூங்கில் பூத்தா அத்தோட செத்துடும், தெரியுமில்ல? மலை முழுக்க காஞ்ச வெறகாத்தான் நின்னுச்சாம். ஒருநாள் மத்தியானம் படார் படார்னு சத்தம். மூங்கில் கணு வெடிக்குது. அப்புறம் பொகை. அப்புறந்தான் தீ. மானு, மொசலு, பாம்பு எல்லாம் ஒன்ன ஒன்னு திரும்பிப் பாக்காம ஊருக்குள்ள ஓடியாந்துச்சாம்.

ஊர்க்கவுண்டரு ஆம்பளைங்கள இட்டுக்கினு தழையால தீய அடிக்கக் கெழக்கால ஓடுனாராம். ஓடறதுக்கு முன்னாடி செல்லி கையில ஒரு கொள்ளியக் குடுத்து இந்த மேட்டுல நிறுத்துனாரு.

"அம்மா செல்லி, கீழ ஒங்க சாமைக் கொல்லையில அறுத்த தாளு காஞ்சு கெடக்குது. தீ ஓடைக்கு வந்துச்சுன்னா யோசிக்காத. நீயே கொல்லைக்குத் தீ வெச்சிடு. அது எதிர்ல போயி எரிச்சுட்டாத்தான் பெருந்தீக்குத் திங்க ஒன்னும் இருக்காது. ஊருக்குள்ள கொழந்தைங்க, கெழடுங்க இருக்குது."

"மாமா, அவரு ஆட்ட ஓட்டிக்கினு ஓடைப் பள்ளத்துல இல்ல இருக்காரு! கொல்லை வழியாத்தான வரணும்!"

"கூப்புடும்மா. வந்திடுவான்."

அவரு போயிட்டாரு. இவ ஒண்டியா நின்னு கத்துறா. "ஏய்யா! ஏய்யா, வந்திடுய்யா!" பதில் இல்ல. பொகை கண்ணக் கரிக்குது. "ஏய்யா!" பதில் இல்ல. பேரு தொண்டை வரைக்கும் வருமாம். ஐயோ, ஆயுசு போயிடுமேன்னு முழுங்கிடுவாளாம். மறுபடி "ஏய்யா!"

தீ ஓடைக்கரைக்கு வந்துடுச்சு. அப்பத்தான் வாயத் தொறந்தா.

"தீர்த்தா! டேய் தீர்த்தா!"

ஒடனே பள்ளத்துலேந்து கொரலு வந்துச்சாம். "செல்லி, நீயா? யாரோ எவளோ அவ புருசன 'ஏய்யா'ன்னு கூப்புடுறாள்னுல்ல நெனச்சேன்! இதோ வர்றேன்!"

கொரலு கேக்குது, ஆளு தெரியல. பின்னாடி தீப்பொறி பறந்து வந்து கூரை மேல விழுவுது. உள்ள கொழந்தைங்க அலறுது. அவ என்னடி பண்ணுவா? சொல்லுங்க, நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

வெச்சாளாம். கொல்லைக்குத் தீய வெச்சாளாம். "வந்துட்டேன், வந்துட்டேன்"னு சத்தம் கிட்ட வந்துச்சாம். அப்புறம் கேக்கல.

ஊரு மிஞ்சுச்சு. நீயும் நானும் இங்க நிக்கிறது அதனாலதான். சாம்பல் ஆறுனதும் தேடுனாங்க. கொல்லை ஓரத்துல, மேட்டப் பாத்துக் கெடந்தானாம். "மொதல்லயே பேரச் சொல்லியிருந்தா வந்திருப்பாரே, வந்திருப்பாரே"ன்னு செல்லி சாவுற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாளாம். பாவி மவ.

அதுலேந்து இது கூப்பிடுமேடு. வருசா வருசம் காடு காயறதுக்கு முன்னாடி ஊரச் சுத்திப் புல்ல எரிச்சு விடுறோமில்ல, அன்னிக்கு ஒவ்வொருத்தியும் இங்க நின்னு புருசன் பேரச் சொல்லிக் கூப்புடணும். பக்கத்துலயே நின்னாலும் கூப்புடணும். அவன் "வந்துட்டேன்"னு சொல்லணும். கடைசியா எல்லாரும் சேந்து தீர்த்தனக் கூப்புடுவோம். பதில் வராது. வராதுன்னு தெரியும். இருந்தாலும் கொஞ்ச நேரம் நிப்போம்.

என்ன, சிரிப்பக் காணோம்? அழுவாதடி, பைத்தியமே. கொள்ளி என் கையில இருக்குது. நீ ஒன் புருசன் பேரச் சொல்லி, அவன் பதில் சொன்னாத்தான் நான் புல்லுக்குத் தீ வெப்பேன். ம், கூப்புடு.