நாற்பது நாள் தண்ணீர்

முத்துசெல்விக்கு மாமா பூவனலிங்கம் எழுதுவது.

கடல்மீன் தொட்டி வைத்தவுடன் மீனை விட்டுவிடக் கூடாது. கல்லையும் மணலையும் போட்டுவிட்டு, நாற்பது நாளாவது வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நேற்று போனில் நீ அழுததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பாய். மாமா எதையும் முதலிலிருந்து சொல்கிறவன், பொறுத்துக்கொள்.

மில்லில் எலக்ட்ரீஷியன் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு பகல் பொழுது போகவில்லை. நான்கடிக் கண்ணாடித் தொட்டி செய்தேன். தூத்துக்குடியிலிருந்து கேன்களில் கடல்நீர் வந்தது. கல்லும் மணலும் சென்னையிலிருந்து ரயிலில், தெர்மாகோல் பெட்டியில் வந்தன. உயிருள்ள கல் என்பார்கள். வழியில் செத்த பூச்சி புழுக்கள் அழுகி முதலில் தண்ணீர் விஷமாகும். கல்லின் துளைகளில் இருக்கும் நல்ல கிருமிகள் அந்த விஷத்தைத் தின்று பெருகும். விஷம் அடங்கிய பிறகுதான் மீன்.

வீடே நாறியது. “ஏலே லிங்கம், கல்லைப் போட்டுட்டு என்னத்தப் பாத்துட்டு உக்காந்திருக்க?” என்று உன் அம்மா கேட்பாள். “நாப்பது நாள் கழிச்சுப் பாருக்கா” என்பேன். பெண்டாட்டி பிள்ளை என்று எனக்கு யாருமில்லை. அத்தான் போன பிறகு பதினோரு வருஷமாக இந்த வீட்டில் பேச்சுக்குரல் என்றால் அக்கா குரல்தான்.

இருபதாம் நாள் நீ போன் செய்தாய். முப்பத்தைந்தாம் நாளுக்கு டிக்கெட் போட்டாயிற்று, அம்மா இனி ஓசூரில் என்னோடுதான் என்றாய். உன்மேல் வருத்தமில்லை. பெற்ற மகள் கூப்பிடுவது நியாயம்தான். மீனைப் பார்க்காமல் போகிறாளே என்றிருந்தது, அவ்வளவுதான்.

அக்காவுக்கு இதயம் பலவீனம், உப்பே ஆகாது என்று டாக்டர் சொன்னபோது நீயும் கூட இருந்தாய். அவளுக்குத் தனியாகச் சமைத்தது நான். புது மீனைத் தொட்டித் தண்ணீருக்குச் சட்டென்று மாற்றக் கூடாது. மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக அந்தத் தண்ணீரை மீன் வந்த பையில் கலந்துவர வேண்டும். மாறியது மீனுக்கே தெரியாது. அப்படித்தான் அக்காவின் கஞ்சியில் உப்பைச் சேர்த்தேன். மூன்று நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டினேன். கண்ணளவில் போடுவது எனக்குப் பிடிக்காது. சின்னத் தராசில் நிறுத்துத்தான் போட்டேன்.

“இப்பம்தான்லே கஞ்சி வாய்க்கு வெளங்குது. உப்பு போடுதியோ?”

“இல்லக்கா. உள்ளி, பூண்டெல்லாம் கூடுதலாப் போடுதேன்.”

அவள் நம்பினாள். கால் வீங்கியது. பயணத்தைத் தள்ளிப்போட்டாய்.

நாற்பத்துமூன்றாம் நாள் இரண்டு மீன் விட்டேன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. அக்கா வீங்கிய காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள். “கோட்டிக்காரப் பயலே, இதுக்கா இந்த நாத்தத்தப் பொறுத்தோம்” என்று சிரித்தாள். அன்று சாயங்காலம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாரமே நீ மறுபடி டிக்கெட் போட்டாய். நானும் தராசை எடுத்தேன்.

பிறகு அவளுக்குப் படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்தேன். இன்னும் இரண்டு டிக்கெட் ரத்தாயின. ஆவணியில் ஒரு விடியற்காலை மூச்சு நின்றது. இதயம் பலவீனம் என்றார் டாக்டர். அது உண்மைதான். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

நேற்று நீ, “எங்கம்மாவ கண்ணுக்குள்ள வச்சுப் பாத்தீங்க மாமா. தனியா கெடக்க வேண்டாம், இங்க வந்துருங்க” என்றாய். அதற்குப் பிறகும் சொல்லாமலிருப்பது முறையல்ல. உப்பு போட்டது நான். அவளைக் கொல்வதற்காக அல்ல, இருக்க வைப்பதற்காக.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. போலீஸ் வந்தால் நான் இங்கேதான் இருப்பேன். ஓசூருக்கு மட்டும் வர முடியாது. கோவில்பட்டி வெயிலில் தொட்டித் தண்ணீர் தினமும் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. ஆவியாகிக் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். பத்து நாளைக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீரை அதற்கென்று வைத்துவிட்டு, நான் உப்புக் கரிக்கும் போர் தண்ணீரைக் குடிக்கிறேன். அவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போனால், நீ வந்து ஊற்று. ஒருநாள் விட்டாலும் உப்பு கூடிவிடும். வாயில்லாத ஜீவன், தாங்காது.