கப்பலுக்குப் போகாத படம்

திருச்செந்தூர் பேருந்து ஆத்தூரைத் தாண்டும்போது, எனக்கு முன் இருக்கையில் கைக்குழந்தையோடு இருந்த பெண், பக்கத்தில் இருந்த தெரிந்த அக்காவிடம் சொன்னாள்:

"இவ மூணு நாளா கம்ப்யூட்டருக்குள்ளயே கெடந்தாக்கா."

"ஏளா, என்ன சொல்லுத?"

"எங்க வீட்டுக்காரவ இன்னும் பிள்ளையப் பாக்கலல்லா? நடுக்கடல்ல போன் எடுக்காது, கப்பல் மெயில் மட்டுந்தான். இவ போட்டோவ நான் அனுப்புனா போகவே இல்ல, அவுட்பாக்ஸ்லயே நின்னுட்டு. கம்ப்யூட்டர் கடை அண்ணாச்சிக்கு போன் போட்டேன். 'படம் ரொம்பப் பெருசும்மா, சின்னதாக்கி அனுப்பு'ன்னு பொறுமையா ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தாவ. ஒடனே போயிட்டு. அவிய நல்லா இருக்கணும்."

"ஒம் மாப்பிள்ள பதில் போட்டாரா?"

"போட்டாவ. கேப்டன் படத்த பிரிண்ட் எடுத்து, சாப்புடுத எடத்துல ஒட்டிட்டாராம். கப்பல்ல அம்புட்டு பேரும் இவளப் பாத்துக்கிட்டேதான் சாப்புடுதாவளாம்."