இரண்டு விநாடி கொள்ளும் பெட்டி

அந்த மின்விசிறியை நிறுத்திவிடுங்கள் சார். காற்றைக் குறை சொல்லவில்லை. இடையிடையே டக்கென்று தப்பான இடத்தில் அடிக்கிறது. தாளம் பிசகினால் எனக்குப் பேச வராது.

பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரியில் நான் எலக்ட்ரீஷியன், ஷோயப் சூப்பர்வைசர். இருவருக்கும் ஒரே பைத்தியம், சாம்ப்ளர். ஏதாவது சத்தத்தைப் பதிந்து, பட்டனில் தட்டித் தட்டித் தாளமாக்கும் பெட்டி. என்னுடையது ஃபிளாப்பி போடுகிற பழசு, இரண்டு விநாடிதான் கொள்ளும். அவனுடையது புதுசு. கை முன்னே பின்னே போனாலும் அதுவே சரிசெய்துகொள்ளும்.

தோல் போட்டுச் சுழற்றும் மர டிரம்மின் 'தொம்' சத்தத்தை முதலில் பிடித்தவன் நான். "இன்னாடா ரெனால்டு, தோஸ்த்துக்குக் குடுக்க மாட்டியா?" என்று வாங்கிப்போனான். அப்புறம் வாணியம்பாடி ஆட்டோக்களிலெல்லாம் அந்தத் தொம்தான். பெயர் மட்டும் ஷோயப் பீட். வயிறு எரிந்தது, மறைப்பானேன். அதையும் பொறுத்தேன். என் மனைவி ஹெப்சி சப்பாத்திப் பலகையில் விரலால் அதையே தட்டினாள். "நீங்க போட்டதைவிட இது சோக்கா கீதுங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை டேனரி காலி. டிரம்முக்குள் உட்கார்ந்து எதிரொலி பதியவேண்டும் என்றான். எங்கள் பக்கம் டிரம்முக்குள் இறங்குகிறவன் ஃபியூஸ் கட்டையைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் இறங்குவான். கட்டை அவனிடம் இருக்கும்வரை டிரம் சுற்றாது. நான்தான் பிடுங்கிக் கொடுத்தேன்.

"நீ இருக்கும்போது எனக்கு இன்னா பயம்," என்று பையைத் தட்டிக் காட்டிவிட்டு இறங்கினான். கதவை மூடச் சொன்னதும் அவன்தான், வெளிச்சத்தம் வரக்கூடாதாம்.

எலக்ட்ரீஷியனிடம் இன்னொரு கட்டை இருக்காதா சார்?

மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். சத்தம் கேட்டதும் பதியும்படி என் பழைய பெட்டியை வெளியே வைத்திருந்தேன். முதலில் ஒரு தொம். அப்புறம் "ரெனா..." என்றான். இரண்டு விநாடி முடிந்துவிட்டது. மிச்சத்தை நான் மட்டும் கேட்டேன்.

டிரம்மை நிறுத்தி, அவன் பையிலிருந்த கட்டையை எடுத்துக்கொண்டேன், இரண்டு கட்டை இருந்தால் மாட்டிக்கொள்வேனே. சுவிட்ச் கோளாறு என்றேன். எலக்ட்ரீஷியன் சொன்னால் நம்பமாட்டார்களா?

பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். சத்தம் என்னுடையது, திருப்பி எடுத்துக்கொண்டேன்.

அதைத் தாளமாக்கி ஹெப்சிக்குப் போட்டுக் காட்டினேன். தொம், ரெனா, தொம், ரெனா. பிசகே இல்லை. அவள் விரல் அசையவில்லை. உங்களிடம் வந்து சொன்னது அவள்தான், தெரியும். கோபமில்லை சார். அவளுக்கு எப்போதும் ஷோயப் போட்ட தாளம்தான் பிடிக்கும்.