விதிப்படி நடந்த ஒரே நாள்

இந்த நாற்காலி உட்கார வசதியாக இருக்கிறது. எங்கள் காந்த அளவீட்டு அறைப் பக்கம் இரும்பு நாற்காலியைக் கொண்டுவரக் கூடாது என்பதால் இருபத்தாறு வருடமாக மர ஸ்டூலில்தான் உட்கார்ந்தேன், முதுகு போய்விட்டது. நாற்காலி மட்டுமல்ல, சாவிக்கொத்து, பெல்ட், ஹேர்பின், எதுவும் உள்ளே வரக் கூடாது. வாசலில் ஒரு மரத்தட்டு வைத்திருப்பேன். பெரிய பெரிய விஞ்ஞானிகள்கூட பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டு, கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என் முன்னால் நிற்பார்கள். ஆய்வுக்கூடத்தில் எனக்கு 'சுங்கச்சாவடி' என்று பெயர். அந்தப் பெயரில் எனக்கு வருத்தம் கிடையாது.

விசாரணை என்று கூப்பிட்டு நீங்கள் அந்தப் படத்தை மேசைமேல் வைத்ததுமே ஆம், என் கைவேலைதான் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அதை மட்டும் எழுதிக்கொண்டால் நான் ஏதோ கெட்ட எண்ணத்தில் செய்ததுபோல ஆகிவிடும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், ஐயா. அவசரம் ஒன்றும் இல்லை.

என் தங்கைக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது எங்கள் அம்மா போய்ச் சேர்ந்தார். அப்பா அதற்கும் முன்பே. எனக்கு அப்போது இருபது. அந்த வருடம்தான் இந்த வேலை கிடைத்தது. நான் அவளைப் படிக்கவைத்தேன் என்று எல்லாரும் சொல்வார்கள். அவள் தானாகத்தான் படித்தாள். நான் சோறு போட்டேன், தலை பின்னினேன், காய்ச்சல் வந்தால் லீவு போட்டேன். கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி இரண்டு இடத்திலிருந்து கேட்டார்கள். இந்தப் பெண்ணை எங்கே விடுவது என்று வேண்டாம் என்றுவிட்டேன்.

வளர்ந்து, நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கே ஆராய்ச்சிக்கு வந்தாள். அவள் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு படிகம். புத்தகத்தின் தாள்கள்போல அடுக்கு அடுக்காக இருக்கும். டேப்பை ஒட்டி உரித்து உரித்து, கடைசியில் கண்ணுக்கே தெரியாத ஒற்றை அடுக்கை எடுத்து, சுண்டுவிரல் நகம் அளவு சிலிக்கான் தகட்டில் வைப்பாள். அது ஒரு குறைக்கடத்தி. அதில் வேறொரு உலோகத்தைத் துளி கலந்தால் காந்தமாகவும் ஆகும் என்பது அவள் கணக்கு. அப்படி ஆனால் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை மட்டுமல்லாமல் அதன் தற்சுழற்சியையும் வேலை வாங்கலாம், மின்சாரம் போனாலும் நினைவகம் மறக்காது, போன் சுடாது என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வாள். கடுங்குளிரில் காட்டிப் பயனில்லை, சாதாரண அறை வெப்பத்தில் காட்ட வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

தகடுகளை டப்பியில் போட்டு என்னிடம் கொடுத்துவிட வேண்டும். அளவீட்டு அறையில் என்னைத் தவிர யாரும் தகட்டைத் தொடக் கூடாது. நான் இடுக்கியால் எடுத்து, ஒரு குழலில் பொருத்தி, இயந்திரத்துக்குள் அனுப்புவேன். அது காந்தப்புலத்தை ஏற்றி இறக்கி ஒரு கோடு வரையும். ஏறின வழியிலேயே கோடு இறங்கினால் காந்தம் இல்லை. நடுவில் இரண்டாகப் பிரிந்து வயிறு வைத்தால் காந்தம். "அக்கா, வயிறு வச்சுதா?" என்று மாணவர்கள் கதவுக்கு வெளியே நின்று கேட்பார்கள். வெளியாள் காதில் விழுந்தால் என்ன நினைப்பான் என்று சிரித்துக்கொள்வோம். மூன்று வருடம் என் தங்கையின் கோடு வயிறு வைக்கவே இல்லை. வீட்டில் அவள் சிரிப்பதும் நின்றுபோனது.

இடுக்கி பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. ஸ்டீல் இடுக்கி பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் ஒட்டிக்கொள்ளும். எங்கள் இயந்திரம் வயிறு வைத்துக் காட்ட அது போதும். சுவரில் அந்த அறிவிப்பை எழுதி ஒட்டியது நான்தான். ஒருநாள் பிளாஸ்டிக் இடுக்கியின் நுனி உடைந்துவிட்டது. புதியது வர மறுநாளாகும் என்றார்கள். தங்கையின் ஆராய்ச்சிக் காலம் முடிய மூன்று மாதம்தான் பாக்கி, அவள் வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். டேப் வெட்டும் மேசையில் கிடந்த ஸ்டீல் இடுக்கியை எடுத்தேன். ஓரத்தில்தானே பிடிக்கப்போகிறோம் என்று நினைத்தேன். ஆனைக்கும் அடி சறுக்கும்.

கோடு வயிறு வைத்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வந்துருச்சுக்கா" என்றாள். அதையே நாலு தடவை சொன்னாள். பிறகு என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். அம்மா போன வருடத்துக்குப் பிறகு அவள் அப்படிச் செய்தது அன்றுதான். மறுநாள் புது இடுக்கி வந்ததும் அதே டப்பியிலிருந்து இன்னொரு தகட்டை எடுத்து அளந்தேன். கோடு ஏறின வழியிலேயே இறங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்து போனேன். நடையில் எங்கள் தலைவர் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் யாருக்கும் கதவு திறந்து நான் பார்த்ததில்லை. நான் திரும்பி வந்து, ஸ்டீல் இடுக்கியால் அந்தத் தகட்டை மறுபடியும் எடுத்து அளந்தேன்.

நாலு வருடம் அப்படித்தான் நடந்தது. அடுக்கு கூடினால் காந்தமும் கூட வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். டப்பியில் 'ஒன்று' என்று எழுதியிருந்தால் லேசாகப் பிடிப்பேன். 'மூன்று' என்றால் கொஞ்சம் அழுத்துவேன். கை பழக ஒரு மாதம் ஆயிற்று. ஒப்பிடுவதற்காக ஒன்றுமே இல்லாத வெறும் தகடு ஒன்றையும் சேர்த்து அனுப்புவாள். அதைப் பிளாஸ்டிக்கால் எடுப்பேன். இயந்திரம் காட்டிய எண்ணில் ஒன்றைக்கூட நான் மாற்றியதில்லை. பொய்யாக எதையும் எழுதியதில்லை. இதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் கட்டுரை வெளிவந்தது. மாலையும் மரியாதையும்தான் போங்கள். மேடையில் ஏறினால் முதல் வரிசையில் என்னைத் தேடுவாள். வேறு ஆய்வுக்கூடங்களில் செய்துபார்த்தவர்களுக்கு அந்தக் காந்தம் கிடைக்கவில்லை. மரியாதையாகத்தான் கடிதம் எழுதினார்கள். படிகம் வளர்க்கும் விதத்தில் ஏதோ கோட்டைவிடுகிறார்கள் என்று அவள் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவாள். பாவம், அத்தனை கவனமாக எழுதுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிப்பேன்.

அப்படித் துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னாள். தொலைவில் ஒரு நிறுவனம் அவளுக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் கொடுக்கிறதாம். நாலு அறை. இரண்டு மாதத்தில் போய்ச் சேர வேண்டும். எப்போது கிளம்பலாம், பாத்திரங்களை என்ன செய்வது என்று நான் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு துண்டை எடுத்து மடித்தாள்.

"இல்லக்கா. முதல்ல நான் மட்டும் போறேன். கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கணும்போல இருக்கு."

நான் கோபப்படவில்லை. சரிம்மா என்றேன். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். சுடுதண்ணீர் வைக்கத் தெரியாத பெண், ஐயா. சந்தேகம் என்றால் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். அவளுக்கு நல்லது எது கெட்டது எது என்று பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

போவதற்குமுன் சந்தேகப்படுகிறவர்களின் வாயை அடைக்க வேண்டும் என்று அவளே ஒரு குழுவை வரவழைத்தாள். வெளியிலிருந்து மூன்று பேர். எந்தத் தகடு வேண்டுமானாலும் நீங்களே பொறுக்கி எடுங்கள், உங்கள் கண் முன்னாலேயே அளக்கலாம் என்றாள். அவர்களிடம் என்னைக் காட்டி, "எங்க அக்கா அளந்தா தப்பே வராது" என்றாள். மூவரும் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போட்டார்கள். ஒன்பது தகடு எடுத்துக் கொடுத்தார்கள். ஆறில் அவளுடைய அடுக்கு, மூன்று வெறும் தகடு.

நான் ஒன்பதையும் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்தேன்.

இதில் என்ன குற்றம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாலு வருடத்தில் அவளுடைய தகடுகளை நான் விதிப்படி அளந்த ஒரே நாள் அதுதான். முன்பு செய்ததைத் தவறு என்றால் ஒப்புக்கொள்கிறேன். அன்று செய்ததை எப்படித் தவறு என்பது?

ஒன்பது கோடும் ஏறின வழியிலேயே இறங்கின. ஐந்தாவது தகட்டிலேயே அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பதாவது முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"அக்கா, மெஷின் சரியா இருக்கா?"

"மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு."

உண்மையைத்தான் சொன்னேன். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த வேலையைப் பார்த்தேன்.

பிறகு குழு பழைய தகடுகளில் சிலவற்றைச் சோதித்தது. இரும்பு இருந்தது, வெறும் தகடுகளில் இல்லை. அப்படியென்றால் தகட்டைத் தயாரித்தவர்தான் வேண்டுமென்றே தடவியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார்கள். இங்கே எந்த இடுக்கி பயன்படுத்துவது வழக்கம் என்று என்னிடம் கேட்டார்கள். நான் சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினேன். ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். அதற்குமேல் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

தப்பு தன்னுடையதுதான் என்று அவளிடம் எழுதி வாங்கிக்கொண்டு வேலையிலிருந்து அனுப்புவதாகச் சொன்னார்கள். அவளுக்கு முதல் வரியே எழுத வரவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல எழுதினாள். பாதியில் நிறுத்தி, "நானே எனக்குத் தெரியாம ஏதாவது பண்ணியிருப்பேனாக்கா?" என்று கேட்டாள். விடும்மா, போனது போகட்டும் என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டாள். நாலு அறை ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு வரியில் கடிதம் வந்தது. கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது.

அதன்பிறகு ஒன்றரை வருடம். முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது. பகலெல்லாம் படுத்திருப்பாள். ஒருநாள் நான் வேலையிலிருந்து வரும்போது மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டதும் இறங்கி வந்துவிட்டாள். நான் மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். டாக்டரிடம் காட்டினேன்; மாத்திரை கொடுத்தார். அவள் தோழிகள் போன் செய்தால் தூங்குகிறாள் என்பேன். பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருப்பாள். ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கக் கூப்பிட்டார்கள். உடம்பு தேறட்டும் என்று நானே சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் யாரும் கூப்பிடுவதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். நான் பரிமாறினால் மறுக்காமல் சாப்பிடுகிறாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஐயா, இந்த ஒன்றரை வருடம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

இந்தப் படத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நுண்ணோக்கியில் பெரிதாக்கிய தகட்டின் ஓரத்தில் எதிரும் புதிருமாக இரண்டு புள்ளி. ஸ்டீல் இடுக்கியின் இரண்டு நுனி பட்ட இடம். அளக்க வராமல் அவளிடமே தங்கிவிட்ட தகடுகளில் இரும்பு இல்லை, என் மேசைக்கு வந்து திரும்பியவற்றில் மட்டும் இருக்கிறது என்கிறீர்கள். சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள். இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். இப்போதுதான் மனசு ஆறி ஒரு நிலைக்கு வந்திருக்கிறாள். தன்மேல் தப்பில்லை என்று தெரிந்தால் மறுபடி எங்காவது போக வேண்டும் என்று ஆரம்பித்துவிடுவாள். பழியை அவள் பேரிலேயே விட்டுவிடுங்கள், ஆறிப்போன விஷயம். தண்டனையை எனக்குக் கொடுங்கள். சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக இருந்தால் எதுவானாலும் சம்மதம்.

இது என்ன கடிதம்?

இது அவள் கையெழுத்துதான். தகடுகளைச் சோதிக்கச் சொல்லி அவளே உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. 'படிகத்தைச் சோதித்தேன், டேப்பைச் சோதித்தேன், என்னையே சோதித்தேன். அளந்த கையை மட்டும் சோதிக்கவில்லை' என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கு நன்றாக எழுத வரும். ஆனால் எட்டு மாதம் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாளா? மாத்திரை சாப்பிடுகிறவள், தான் என்ன எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதியிருப்பாள். நான் வீட்டுக்குப் போய் நிதானமாகக் கேட்டுப் பார்க்கிறேன்.

இன்று காலை நான் வேலைக்குக் கிளம்பியதும் அவளும் பெட்டியோடு கிளம்பிவிட்டாள் என்கிறீர்கள். போன இடத்தை என்னிடம் சொல்ல வேண்டாம் என்று உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்கிறீர்கள். நீங்கள் யாரையோ நினைத்துச் சொல்கிறீர்கள், ஐயா. அவள் எங்கே போவாள்? என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?